பரீட்சைப் பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயர்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கிலோ, வீடு, காணி. இந்த நான்கையும் பேசாமல் நம் கூட்டம் எதுவும் முடிந்ததில்லை. முடியவும் கூடாது. இன்று கல்விக் குழு சார்பில் ஐந்தாவதாக ஒன்றை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம். கண் சரியாகத் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கை கால் வழங்காத பிள்ளை, எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை ஆகியோர் நம் லயங்களில் இருக்கிறார்கள். இவர்கள் அரசாங்கப் பரீட்சையில் உட்காருகிறார்களா, உட்கார்ந்தால் எப்படி உட்காருகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

"இது பாடசாலை விடயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்பு இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தாலும் சரி, கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அரைப்பேரை எதிர்த்து எத்தனை தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம்! நம் பிள்ளைகளில் சிலருக்குப் பாடசாலையிலும் அரைப்பேர்தான் விழுகிறது. வகுப்பு இடாப்பில் பெயர் இருக்கும். பரீட்சைப் பட்டியலில் இருக்காது. வகுப்பின் கடைசி வாங்கில் இடம் இருக்கும். பரீட்சை மண்டபத்தில் இருக்காது.

பட்டியலில் பெயர் இல்லாமல் போவதன் வலியை நாட்டில் நம்மைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கடுத்த வருடம் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் பாட்டன் பாட்டிகளின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தன. பெயர் போனது, அதன் பின்னால் குரல் போனது. கேட்க ஆளில்லாத சனத்துக்கு வீதியும் வரவில்லை, பாடசாலையும் வரவில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். எண்ணப்படாத ஆளுக்கு எதுவும் ஒதுக்கப்படாது என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்படிப்பட்ட நாம், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை எண்ணப்படாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். "உன் பிள்ளை பரீட்சை எழுதக்கூடாது" என்று எவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, விண்ணப்பக் காலம் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. புலமைப்பரிசில் பரீட்சையானாலும் க.பொ.த. சாதாரண தரமானாலும், பாடசாலைப் பிள்ளைகளின் விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போக வேண்டும். அம்மா விடியற்காலையில் மலைக்குப் போகிறார். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். பாட்டியின் கையில் வளரும் பிள்ளைக்காக யார் போய்க் கேட்பது?

இரண்டாவது, அன்பாகப் பேசித் தவிர்ப்பது. "இந்தப் பிள்ளைக்கு ஏனம்மா இந்தச் சிரமம்? அன்றைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்களேன்" என்பார்கள். அம்மாவுக்கும் அது நல்லதாகவே படும். பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்று தலையாட்டிவிடுவார்.

மூன்றாவதுதான் மோசமானது. பிள்ளையை மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். ஆனால் மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே சிறிய எழுத்து வினாத்தாள், அதே நேரம், அதே தூரத்து வாங்கு. பார்வை மங்கலான பிள்ளை வினாவை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். புள்ளி குறைவாக வரும். பிறகு அந்தப் புள்ளியையே காட்டி, "பார்த்தீர்களா, இவனுக்குப் படிப்பு வராது" என்பார்கள். அந்தப் பரீட்சை பிள்ளையின் அறிவை அளக்கவில்லை. கண்ணைத்தான் அளந்தது.

இதில் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. அவர்களில் பெரும்பாலானோர் நம் லயங்களிலிருந்து படித்துப் போனவர்கள். புலமைப்பரிசில் முடிவு வந்த மறுநாள் பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் எத்தனை, எழுபதுக்கு மேல் எடுத்தவர் எத்தனை வீதம் என்று பாடசாலைக்குப் பாடசாலை ஒப்பிடுகிறார்கள். வலயக் கூட்டத்தில் அதிபர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருநூறு புள்ளிக்கு நடக்கும் பரீட்சை ஒன்று பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மட்டுமல்ல, அதிபரின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. வீதத்தைக் கூட்டுவதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது. மற்றது, குறைவாக எடுக்கும் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. இரண்டாவது வழி சுலபமானது. அந்தக் கதவு திறந்திருக்கும்வரை யாராவது அதன் வழியே போகத்தான் செய்வார்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவிலும் மாநிலம் முழுவதற்கும் பரீட்சை வைத்துப் பாடசாலைகளை ஒப்பிட்டார்கள். பல இடங்களில் வலதுகுறைந்த பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 1997இல் அவர்கள் தங்கள் விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பிள்ளைகளையும் மாநிலப் பரீட்சையில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். 2002இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 95 வீதமான பிள்ளைகள் பரீட்சை எழுதியிருக்க வேண்டும் என்று விதித்தது. வலதுகுறைந்த பிள்ளைகள் தனிப் பிரிவாகவே எண்ணப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின் மற்ற அம்சங்களில் பல குறைகள் உண்டு, அவற்றை அந்த நாட்டு ஆசிரியர் சங்கங்களே எதிர்த்தன. ஆனால் 95 என்ற அந்த ஓர் எண்ணில் ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வலதுகுறைவைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அது. ஐக்கிய நாடுகள் சபையின் வலதுகுறைந்தோர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆவது உறுப்புரை கல்வியைப் பற்றியது. அதே 2016இல் கட்டாயக் கல்வி வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. நம் அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை, சமத்துவத்தைச் சொன்ன கையோடு, பெண்கள், பிள்ளைகள், வலதுகுறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யத் தடையில்லை என்றும் சொல்கிறது.

அந்த விசேட ஏற்பாடு பரீட்சைத் திணைக்களத்திலும் இருக்கிறது. கண் தெரியாத பிள்ளைக்குப் பிரெயில் வினாத்தாள், பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து வினாத்தாள், கையால் எழுத முடியாத பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவர், தேவைப்படும் பிள்ளைக்கு மேலதிக நேரம் என்று ஒழுங்கு செய்யலாம். ஆனால் அது தானாக வீடு தேடி வராது. வைத்தியச் சான்றோடு, அதிபரின் பரிந்துரையோடு, உரிய காலத்தில் கேட்க வேண்டும். கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. நம் சங்கத்தின் வரலாறே அந்த ஒரு வரிதானே?

இங்கே ஒரு கேள்வி வரும். எங்களிடமும் பல தோட்டங்களில் கேட்டார்கள். "ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?"

வறட்சிக் காலத்தில் நாம் துரையிடம் என்ன பேசுகிறோம்? கொழுந்து இல்லாத மலையில் நிற்க வைத்து, மழைக்காலக் கிலோவைக் கேட்காதே என்கிறோம். புல் மண்டிய மலை, கல் நிறைந்த மலை, செங்குத்தான மலை என்று சொல்லிக் கிலோவைக் குறைக்கச் சொல்கிறோம். அதைச் சலுகை என்றா கேட்கிறோம்? நியாயம் என்றல்லவா கேட்கிறோம்? பறிப்பது அதே கொழுந்து, உழைப்பது அதே கை, மலைதான் வேறு. மேலதிக நேரமும் அப்படித்தான். வினா அதே வினா. புள்ளி வழங்கும் முறையும் அதேதான். அந்தப் பிள்ளை ஏறும் மலை மட்டும் செங்குத்தானது.

"வேறொருவர் எழுதிக் கொடுத்தால் அது பிள்ளையின் பரீட்சையா?" என்றும் கேட்கிறார்கள். நிறுவை மடுவத்தில் கிலோவை எழுதுவது கணக்கப்பிள்ளை. அதனால் கொழுந்தைப் பறித்தவர் கணக்கப்பிள்ளையா? பதில் பிள்ளையின் தலையிலிருந்து வருகிறது, எழுதும் கை இன்னொருவருடையது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் இதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கை நரம்புக் கோளாற்றால் எழுத முடியாத ஒரு பரீட்சார்த்திக்கு, உன் குறைபாடு சட்டம் சொல்லும் அளவான 40 வீதத்தை எட்டவில்லை என்று சொல்லி உதவியாளரை மறுத்தார்கள். அந்த அளவை எட்டாவிட்டாலும் எழுத உண்மையில் சிரமப்படுகிறவருக்கு உதவியாளர் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் நியாயத்தை எடுத்துச் சொல்ல நமக்கு உதவும்.

இன்னொரு கேள்வி தாய்மார்களுடையது. அதை நாங்கள் மதிக்கிறோம். "என் பிள்ளை தோற்றுப் போனால் மனம் உடைந்துவிடாதா?" தோற்கக்கூடும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பரீட்சையும் பொருந்தாது. புலமைப்பரிசில் பரீட்சையே பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும் பாரம் என்று சொல்லும் கல்வியாளர்கள் இருக்கிறார்கள். மூளை வளர்ச்சியில் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே வினாத்தாளைக் கொடுப்பதும் கொடுமைதான். நாம் பார்த்த அமெரிக்க முறையிலேயே அப்படிப்பட்ட சிறு தொகைப் பிள்ளைகளுக்கு வேறு வகை மதிப்பீடு வைத்தார்கள். ஆனால் 2015இல் வந்த சட்டத்தில், அதுவும் மொத்தப் பிள்ளைகளில் ஒரு வீதத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள். எல்லை இல்லாவிட்டால் சிரமமான பிள்ளைகள் அனைவரையும் அந்தக் கூடைக்குள் தள்ளிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே பிள்ளை எந்தப் பரீட்சையை எழுத வேண்டும் என்பதைப் பெற்றோர், ஆசிரியர், வைத்தியர் மூவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கட்டும். யாரும் தீர்மானிக்காமலே காலம் கடந்துபோவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

தாய்மாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடை சுமக்கும் உடம்புள்ள பிள்ளைக்குச் சாதாரண தரம் தவறினாலும் கொழும்பில் கடை இருக்கிறது, இங்கே மலை இருக்கிறது. அது நாம் விரும்பும் வாழ்க்கையல்ல என்றாலும் ஒரு வழி இருக்கிறது. மலை ஏற முடியாத, பாரம் தூக்க முடியாத பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். அந்தப் பிள்ளைக்குத்தான் சான்றிதழ் மற்ற எவரையும்விட அதிகமாகத் தேவை. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலதுகுறைந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் அந்த வேலைக்கும் கல்வித் தகைமை கேட்பார்கள். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று திறமைச் சித்தி இருக்க வேண்டும். பரீட்சைப் பட்டியலில் பெயரே இல்லாத பிள்ளைக்கு இந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்?

நம் பக்கத்துப் பிள்ளைக்குத் தூரமும் ஒரு சுவர். கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கு இரத்மலானையில் 1912இலேயே பாடசாலை தொடங்கிவிட்டது. தமிழில் படிக்கக் கைதடியில் நபீல்ட் பாடசாலை 1956 முதல் இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஓர் ஏழு வயதுப் பிள்ளையைக் கைதடிக்கு அனுப்புவது எத்தனை தாய்க்கு முடியும்? ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலைதான் கதி. அங்கே விசேட கல்வி பயின்ற ஆசிரியர் இருக்கிறாரா, விசேட கல்வி அலகு இருக்கிறதா என்று வலயக் கல்விப் பணிமனையைக் கேட்பதும் நம் வேலைதான்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானவர்கள் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் அல்லது வேறு ஏதேனும் ஒன்றில் சிரமம் உண்டு என்று சொன்னார்கள். அவர்களில் முதியவர்கள் அதிகம். ஆனாலும் பிள்ளைகள் இல்லாத தோட்டம் ஒன்று இருக்குமென்று நாங்கள் நம்பவில்லை. அவர்கள் யார் யார் என்று நம்மிடம் ஒரு கொப்பியில் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவி ஒரு பட்டியல் எழுத வேண்டும். பிள்ளையின் பெயர், வயது, படிக்கும் தரம், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையும் அதில் வர வேண்டும். இது நம் கைக்குள் இருக்கும் பட்டியல். வீட்டுக் கதையை வெளியே பரப்பக்கூடாது.

இரண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வருவார்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அந்தத் திகதியை முன்கூட்டியே கேட்டுவைத்துப் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். தரம் 4இல் கண் குறை தெரிந்தால் புலமைப்பரிசிலுக்கு முன் அவகாசம் இருக்கிறது. தரம் 10இல் தெரிந்தால் சாதாரண தரத்துக்கு முன் அவகாசம் இருக்கிறது. காதில் சீழ் வடிந்தால் தானாக ஆறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கவனிக்காவிட்டால் கேட்கும் திறன் போய்விடும்.

மூன்று. பரீட்சைக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தோட்டத் தலைவரும் பெற்றோரும் சேர்ந்து அதிபரைச் சந்திக்க வேண்டும். சண்டைக்குப் போக வேண்டாம். "சேர், இந்தப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு கேட்கப் போகிறோம், எந்தச் சான்று வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டதை எழுத்திலும் கொடுங்கள். பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போகும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நான்கு. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் அம்மாவுக்கு அன்றைய பேர் போகிறது. வைத்தியச் சான்று எடுக்க ஒரு தடவை போனால் போதாது. நாட்சம்பளத்தையும் இழந்து, முச்சக்கர வண்டிக்கும் கொடுத்து எந்தத் தாய் மூன்று தடவை போவார்? அப்படிப் போகும் நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பதைக் கம்பனிகளுடனான பேச்சுவார்த்தையில் ஒரு கோரிக்கையாக வைக்கக் கல்விக் குழு முன்மொழிகிறது. இதைத்தான் இன்றைய கூட்டம் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கிறோம். கல்வி விடயம் எப்படித் தொழிற்சங்க விடயமாகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

ஐந்து. பரீட்சை நாளில் பிள்ளை மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மேல் டிவிசனிலிருந்து நடக்க முடியாத பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு வருவது? தோட்ட நிர்வாகத்திடம் வாகனம் கேளுங்கள். கொழுந்துக்கு லொறி வருகிறது, பிள்ளைக்கு ஒரு நாள் வரட்டும். மண்டபம் படிக்கட்டு ஏறிப் போகும் இடத்தில் இருந்தால் கீழ்த்தட்டு அறை ஒன்றைக் கேளுங்கள். பொதுக் கட்டடங்களுக்குள் வலதுகுறைந்தோர் தடையின்றிப் போய்வர வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்திருக்கிறது.

தோழர்களே, 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்டத்தின் மீது சுமத்தியது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு சரி என்ற நிலையில் எத்தனையோ தோட்டப் பள்ளிகள் இருந்தன. சட்டம் காகிதத்தில் இருந்தது. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கிய பிறகுதான் நம் பிள்ளைகள் சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் என்று படியேறினார்கள். அந்தப் படியில் இன்னும் கால் வைக்காத பிள்ளைகள் சிலர் நம் லயக் காம்பராக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கான சட்டமும் இன்று காகிதத்தில்தான் இருக்கிறது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் அந்தப் பட்டியலைக் கையில் கொண்டுவர வேண்டும். முதலில் அதைத்தான் கேட்போம். சம்பளமும் கிலோவும் அதற்குப் பிறகு பேசலாம்.